சிணுங்கியார் கற்றுக்கொடுத்த தும்மல்

அந்த ஆஸ்பத்திரியில் அவருடைய நிஜப் பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் தொட்டாச்சிணுங்கி. தலை நரைத்த பிறகு, இவ்வளவு பெரிய மனுஷனை மொட்டையாகத் தொட்டாச்சிணுங்கி என்று கூப்பிட நாக்குக் கூசவே, மரியாதைக்கு ஒரு 'யார்' சேர்த்தார்கள். தொட்டாச்சிணுங்கியார். அவசரத்துக்குக் கூப்பிடுவதற்குள் மூச்சு வாங்கியது. கடைசியில் முன்பாதி உதிர்ந்துபோய் சிணுங்கியார் என்று நின்றது.

பெயருக்குக் காரணம் இரண்டு. ஒன்று, அவர் பார்த்த வேலை. ஆபரேஷன் முடிந்ததும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் கீழ்த்தளத்துக்கு வரும். முதல் அறையில் கழுவுவார்கள். நடு அறையில் தட்டில் அடுக்கி, நீலத் துணியில் பொட்டலம் கட்டுவார்கள். பிறகு பீரோ மாதிரி நிற்கும் ஆட்டோகிளேவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினால், உள்ளே கொதிக்கிற நீராவியில் ஒரு கிருமி மிஞ்சாது. அந்தப் பீரோவுக்கு இரண்டு கதவு. இந்தப் பக்கம் உள்ளே போனது அந்தப் பக்கம் சுத்தமாக வெளியே வரும். அந்தப் பக்கத்து அறைதான் சிணுங்கியாரின் ராஜ்யம். வெளியே வருகிற பொட்டலங்களை ஆறவைத்து, ரேக்கில் அடுக்கி, மேலே அனுப்புவது அவர் வேலை. அங்கே யாரும் எதையும் தொடக் கூடாது. ஒருமுறை மேலிருந்து வந்த சர்ஜன் ஒருவர் பேச்சுவாக்கில் ரேக்கில் சாய்ந்துவிட்டார். அவர் கதவைத் தாண்டும்வரை சிணுங்கியார் காத்திருந்தார். அந்த ரேக்கில் இருந்த அத்தனை பொட்டலத்தையும் இறக்கி, மறுபடி பிரித்து, கழுவி, கட்டி, வேகவைத்தார். மேலே சர்ஜன் கையுறை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கியபடி வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாராம்.

இரண்டாவது காரணம், அவர் சுபாவம். அவரை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், முகம் இலை மாதிரிச் சுருண்டுவிடும். விரிய ஒரு வாரம் ஆகும்.

வேலைப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. கையை எதிலும் படாமல் நெஞ்சுக்கு நேரே கோத்து வைத்துக்கொண்டே நடப்பார். எதிரே வருகிறவர்கள் அவர் கும்பிடுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கும்பிடுவார்கள். இதனால் அந்த வட்டாரத்திலேயே பணிவான மனிதர் என்று அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. கதவைத் தோளால் தள்ளுவார். மின்விசிறிப் பொத்தானை முழங்கையால் போடுவார். ஒருமுறை ஒன்றுக்குப் பதில் மூன்று பொத்தான் அமுங்கி, வீடு முழுக்க வெளிச்சமாகி, பக்கத்து வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டு வந்துவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தாள். அவள் கடையில் தக்காளி என்றால் ஊரே தொட்டு, அமுக்கி, முகர்ந்து, திருப்பிப் பார்த்து, கடைசியில் வேறு தக்காளியை எடுத்துக்கொண்டு போகும். புருஷன் தொடவே விடாதவர், பெண்டாட்டி தொட்டால்தான் விற்கும் என்பவள். எண்ணெயும் தண்ணீரும் மாதிரி இருந்தாலும், ஒரே பாத்திரத்தில் இத்தனை வருஷம் பொங்காமல்தான் இருந்தார்கள். என்ன, அவர் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அவர் முன்னால் கும்பிட்டபடி போவார், அவள் கூடையோடு பின்னால் போவாள்.

வந்தது வினை முழங்கால் தட்டு ரூபத்தில். முழங்கால் மாற்றும் ஆபரேஷனுக்கு வேண்டிய சாமான் எல்லாம் ஒரே தட்டில் இருக்கும். சுத்தியல், உளி, வாள் என்று தச்சுப்பட்டறையையே தூக்குகிற கனம். ஒருநாள் அதை எடுக்கக் குனிந்த சிணுங்கியார் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்த வாக்கிலேயே ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தால் கால் மேலே போனது, காலை அமுக்கினால் தலை எழும்பியது. கடைசியில் நாற்காலியைச் சாய்த்து எடுத்துப் போவதுபோல ஒருக்களித்து வைத்து மேலே கொண்டுபோனார்கள். அந்த வலியிலும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே பேச்சு, அந்தத் தட்டு தரையில் பட்டுவிட்டதா என்பதுதான்.

இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். வேறு செக்‌ஷனுக்கு மாற்றலாமா என்று பேச்சு வந்தபோது, ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டர் வேறு ஒரு யோசனை சொன்னார். தூக்குவதற்கு ஒரு ரோபோ வாங்கிவிடலாம். கூண்டுக்குள் அடைத்து வைக்கிற முரட்டு ஜாதி இல்லை. மனுஷனுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்கிற சாது. ஒற்றைக் கை மட்டும்தான் இருக்கும். சிணுங்கியார் பார்த்துக்கொள்வார், அது தூக்கும்.

இதைக் கேட்ட சிணுங்கியாரின் முகம் சுருண்டது. இத்தனை வருஷம் ஒருத்தரையும் அண்டவிடாத அறையில் ஒரு அந்நியக் கை!

ரோபோ வந்த தடபுடலைச் சொல்லி முடியாது. அதற்கென்று தரையைச் சமமாக்கினார்கள். தனியாக மின்சார இணைப்பு கொடுத்தார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, ஒரு மேடையில் நிறுத்தி, நாலு பேர் சுற்றி நின்று எந்தக் கோணத்தில் நிற்கவைத்தால் நன்றாக இருக்கும் என்று ஆராய்ந்தார்கள். அது பாட்டுக்கு ஒன்றும் செய்யாமல் வெறுமனே நின்றது.

நடு அறையில் பொட்டலம் கட்டுகிறவள் இதையெல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடிக்கிற துணியின் விளிம்பில் விரலை வெட்டிக்கொள்ளலாம் என்பதால் அவளுக்குப் பெயர் மடிப்பக்கா. வயதில் மூத்தவர்களுக்கும் அவள் மடிப்பக்காதான். சிணுங்கியார் மட்டும் மடிப்பு என்று கூப்பிடுவார், அவள் அவரை அண்ணே என்பாள்.

"வந்து மூணு நாள் ஆச்சு. ஒரு துரும்பை நகத்தல. ஆனா உபசாரத்துக்குக் குறைச்சல் இல்ல. மாப்பிள்ளைதான் போங்க" என்றாள் மடிப்பக்கா.

அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர். பெயருக்குத் தகுந்த குணமும் இருந்தது. பொருத்த வந்த இன்ஜினியர் பெண் விளக்கினாள். வேலை செய்துகொண்டிருக்கும்போது யாராவது அதன்மேல் லேசாக இடித்தாலும் போதும், அப்படியே நின்றுவிடும். அருகில் இருப்பவருக்கு அடிபடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். நின்றதும் அதன் மணிக்கட்டில் மஞ்சள் விளக்கு எரியும். சமாதானப்படுத்திப் பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி நகரும்.

"முறுக்கிக்கிட்டு நின்னுடும்னு சொல்லு" என்றாள் மடிப்பக்கா. பிறகு சிணுங்கியாரையும் ரோபோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அந்தச் சிரிப்புக்காக அவளோடு அவர் நாலு நாள் பேசவில்லை.

முதல் இரண்டு நாள் ஒத்திகை பெரிய கூத்து. சிணுங்கியார் ரேக் பக்கம் போவார், ரோபோவின் கை எதிரே வரும். அது தன்னைத் தொட்டுவிடுமோ என்று அவர் நிற்பார். அவர்மேல் பட்டுவிடுவோமோ என்று அது நிற்கும். அது போகட்டும் என்று அவர் பின்வாங்குவார். ஆள் விலகியதைக் கண்டு அது கிளம்பும். அதே நேரத்தில் சரி நாம் போவோம் என்று அவரும் கிளம்புவார். மறுபடி இருவரும் நிற்பார்கள். மேலேயிருந்து தட்டு எங்கே என்று போன் மேல் போன் வரும். இன்ஜினியர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சார், நீங்க அதுக்கு வழி விடவே வேண்டாம். உங்க வேலையை நீங்க பாருங்க. அது பார்த்துக்கும்."

"வழி விடலைன்னா மரியாதை இல்லையேம்மா" என்றார் சிணுங்கியார்.

ஒத்திகைக்குக் கொடுத்திருந்த வழி இந்த அறைக்கு ஒத்துவரவில்லை என்று அவள் முடிவு செய்தாள். இதற்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுப்பது என்றால் பாடம் நடத்துவது இல்லை. ரோபோவின் மணிக்கட்டைப் பிடித்து, அதில் இருக்கும் பொத்தானை அமுக்கியபடி, குழந்தைக்கு எழுதப் பழக்குவதுபோல நாமே கையை நடத்திக் காட்டினால் போதும். ஆட்டோகிளேவ் வண்டியிலிருந்து எடுப்பது, ரேக்கில் வைப்பது, திரும்ப வருவது. எந்த வழியாக நடத்துகிறோமோ அந்த வழியை அப்படியே பிடித்துக்கொண்டு, ஆயுசுக்கும் மறக்காமல் செய்யும். இந்த அறையை அவரைவிட அறிந்தவர் யார்? ஆகவே அவரே பிடிக்க வேண்டும் என்றாள்.

சிணுங்கியார் கையுறையைப் போட்டார். கழற்றினார். வேறு ஜோடி போட்டார். கடைசியில் புதுமாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடிப்பதுபோலக் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு ரோபோவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

பிடித்த பிறகுதான் அதிசயம். இரும்புக் கை இறகு மாதிரி அவர் இழுத்த இழுப்புக்கு வந்தது. முழங்கால் தட்டின் கனம் முழுவதையும் அது சுமந்தது. அவர் இடுப்புக்கு ஒரு சேதி போகவில்லை. அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தட்டின் கீழ் விளிம்பைத் தாங்கி, ரேக்கின் கம்பியில் துணி உரசாமல் சற்றுத் தூக்கி, சத்தம் வராமல் வைத்தார். பொத்தானை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் பெண் மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். தட்டை வைத்துவிட்டு வெறும் கையோடு திரும்பும் வழியில் அது வந்தது.

தும்மல்.

தும்மலுக்கு நேரம் காலம் ஏது? ஆனால் அவர் தும்மலிலும் சுத்தக்காரர். வாழ்நாளில் ஒரு பொட்டலத்தின் முகத்தில் தும்மியவர் இல்லை. சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினார், குனிந்தார், இடது முழங்கையில் முகத்தைப் புதைத்து, சத்தம் வெளியே வராமல் இரண்டு தும்மல் போட்டார். பிறகு எல்லோரும் நிற்பதுபோல, இன்னொன்று வருமா வராதா என்று வாயைப் பிளந்தபடி சற்று நின்றார். வரவில்லை. நிமிர்ந்து மறுபடி வேலைக்குத் திரும்பினார். இத்தனைக்கும் வலது கை மணிக்கட்டை விடவில்லை, கட்டைவிரல் பொத்தானை விடவில்லை. விடாதே என்று சொன்னால் விடாதவர் அவர்.

இன்ஜினியர் பெண் நிமிர்ந்து, எல்லாம் சரியாக வந்ததா என்று கேட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக அவர் தலையை மட்டும் ஆட்டினார். சுத்த அறையில் தும்மினேன் என்று எந்த வாயால் சொல்வது? தும்மலெல்லாம் அந்த இயந்திரத்துக்கு எதற்கு, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். அவள் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அதற்குள் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து அவசர அழைப்பு வர, நாளன்றைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வேலையைத் தொடங்கினார். வண்டியிலிருந்து தட்டை எடுத்தார். கம்பியில் உரசாமல் சற்றுத் தூக்கி ரேக்கில் வைத்தார். பார்க்கக் கண் கொள்ளாத காட்சி. பிறகு திரும்பும் வழியில் சுவரைப் பார்த்து வெடுக்கென்று ஒரு திரும்பு. ஒரு குனிவு. ஹுக், ஹுக் என்று இரண்டு குலுக்கல். அப்புறம், இன்னொன்று வருமா என்று யோசிப்பதுபோல ஒரு நிற்பு. அதன்பின் ஒன்றுமே நடக்காத பாவனையில் அடுத்த தட்டுக்குப் போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மடிப்பக்காவின் கையில் துணி பாதி மடிப்பில் நின்றது. சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கம், வாய் தானாகச் சொன்னது: "நூறு."

அடுத்த தட்டு. அடுத்த தும்மல். "இருநூறு" என்றாள்.

மதியத்துக்குள் மாப்பிள்ளைக்குப் பல ஆயிரம் வருஷம் ஆயுசு கூடிவிட்டது. கழுவும் அறையிலிருந்து வந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். யார் பார்த்தாலும் இது என்னவென்று புரிந்தது, எப்படி வந்தது என்று மட்டும் புரியவில்லை. இரும்புக்குச் சளி பிடிக்குமா? புது இடம், ஏசி ஒத்துக்கொள்ளவில்லையோ? சிணுங்கியாரைக் கேட்டார்கள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அது அந்தக் கம்பெனியின் பழக்கமாக இருக்கும் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலாவது ஒரு ஓரம் மறையும். இதுவோ தட்டுக்குத் தட்டு வெளியே வந்து இரண்டு தரம் குலுங்கியது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவளிடம் எதையும் மறைக்க அவருக்குத் தெரியாது. கூடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள், அதைக் கேட்டு முகத்தைக் கூடைப் பக்கம் கவிழ்த்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அது கையைப் பிடிச்சா நடத்தினீங்க?"

"ஆமா. பிடிச்சாத்தான் கத்துக்கும்."

"எவ்ளோ நேரம்?"

"காலைலேருந்து மதியம் வரைக்கும்."

"என் கையை ரோட்டைத் தாண்டுற நேரம்கூடப் பிடிச்சதில்ல" என்றாள் அவள். அதில் கோபம் எவ்வளவு, கேலி எவ்வளவு என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தும்மல் விஷயத்துக்கு அவள் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் ஒரு நாள் சிரிப்பார்கள், சொல்லாவிட்டால் தினமும் சிரிப்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அவர் முகம் சுருண்டுவிட்டது.

இன்ஜினியர் பெண் வந்து பார்த்ததும் அசந்துபோனாள். திரையில் அது போகிற வழியைக் கோடாக வரைந்து காட்டினாள். நேராகப் போன கோடு ஒரு இடத்தில் திடீரென்று வளைந்து, இரண்டு கொக்கி போட்டு, ஒரு புள்ளியில் தேங்கி, மறுபடி நேராகப் போனது. இங்கே என்ன நடந்தது என்று கேட்டாள். சிணுங்கியார் அந்தக் கோட்டை முதல்முறை பார்ப்பவர்போல மூக்கைச் சுருக்கிப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி கற்றுக்கொடுக்க ஒரு முழுநாள் வேண்டும் என்றாள் அவள். ஆனால் மறுநாள் சோதனைக்காரர்கள் வருவதாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று கொடுக்கிறவர்கள். இப்போது கை வைத்து, நாளைக்கு அது அசையாமலே நின்றுவிட்டால்? பெரிய டாக்டர் யோசித்துவிட்டு, தும்மினாலும் பரவாயில்லை, வேலை செய்கிறதே, யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சோதனைக்கு வந்த அம்மாள் ஒல்லியாக, நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு இருந்தார். அதிகம் பேசவில்லை. கழுவும் அறையில் குழாயைத் திறந்து பார்த்தார். மடிப்பக்கா கட்டிய பொட்டலத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தார். சுத்த அறைக்குள் வந்ததும் பெரிய டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த ரோபோவின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு காரணம் உண்டு, காரணம் இல்லாமல் இது ஒரு அங்குலம் நகராது என்று விளக்கினார். அவர் வாய் மூடவும் அது தட்டை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பவும் சரியாக இருந்தது.

திரும்பியது. குனிந்தது. குலுங்கியது, குலுங்கியது. நின்றது.

அந்த அம்மாளின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "இது எதுக்கு?"

"சூடு ஆறட்டும்னு" என்றார் பெரிய டாக்டர். அதே மூச்சில், "பொசிஷன் சரிபார்க்குது மேடம்" என்றாள் இன்ஜினியர் பெண். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மடிப்பக்காவின் குரல், பழக்கதோஷத்தில், தெளிவாகக் கேட்டது: "நூறு."

"என்ன நூறு?" என்றார் அந்த அம்மாள்.

மடிப்பக்காவுக்கு வியர்த்துவிட்டது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஆஸ்பத்திரியின் மானம் இப்போது தன் நாக்கு நுனியில் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நூறு... டிகிரி" என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அந்த அம்மாள் பேனாவை எடுத்தார். நூற்று முப்பத்துநாலு டிகிரி நீராவியில் வேகவேண்டிய தட்டுகளை இங்கே நூறு டிகிரியில்தான் எடுக்கிறார்களா, எத்தனை நாளாக இப்படி நடக்கிறது, இதில் எத்தனை தட்டு மேலே போயிருக்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கத் தொடங்கினார். பெரிய டாக்டரின் முகம் ரேக்கில் இருந்த துணியின் நிறத்துக்குப் போனது. மடிப்பக்கா தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டு நின்றாள்.

சிணுங்கியார் இதுவரை ரேக்கின் ஓரமாக, கையை நெஞ்சுக்கு நேரே கோத்தபடி நின்றிருந்தார். யார் சிரித்தாலும் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு கணத்தில் தோன்றியது அவருக்கு. தன் தட்டுகள் பாதி வெந்தவை என்று ஒருத்தர் எழுதிக்கொண்டு போவதா? அரை டிகிரி குறைந்தாலும் தூக்கம் வராதவர் அவர். இதைவிட அவர் மூக்கை அறுத்திருக்கலாம்.

"மேடம், நூறு டிகிரி இல்ல. நூத்தி முப்பத்தி நாலுதான். மீட்டரைப் பாருங்க, ஒவ்வொரு பொட்டலத்திலேயும் ஒட்டியிருக்கிற பட்டை கறுத்திருக்கு, சரியா வெந்தாத்தான் கறுக்கும், அதையும் பாருங்க. நூறுங்கிறது ஆயுசு." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். "அது தும்மல் மேடம். என் தும்மல். கத்துக்கொடுக்கும்போது வந்துடுச்சு. அதையும் சேர்த்துக் கத்துக்கிச்சு."

ஒருவரும் அசையவில்லை. ரோபோ மட்டும் அடுத்த தட்டை வைத்துவிட்டு இன்னொரு தரம் தும்மிவிட்டுப் போனது.

அந்த அம்மாள் நம்பவில்லை என்றே முகம் சொன்னது. எப்படித் தும்மினீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். சிணுங்கியார் வாழ்க்கையில் மேடை ஏறியவர் இல்லை. ஆனாலும் ரோபோவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அது திரும்பியபோது திரும்பினார். அது குனிந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஹுக், ஹுக் என்று இருவரும் சேர்ந்து குலுங்கினார்கள். பிறகு இருவரும், இன்னொன்று வருமா என்று காத்து நின்றார்கள். ஒத்திகை பார்த்து ஆடியவர்கள்கூட அவ்வளவு ஒற்றுமையாக ஆடியிருக்க மாட்டார்கள்.

முதலில் சிரித்தது பெரிய டாக்டர். அதைத் தொண்டைச் செருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. இன்ஜினியர் பெண் மடிக்கணினியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மடிப்பக்கா மேஜைக்கடியில் போய்விட்டாள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மீட்டரைப் பார்த்தார், பட்டைகளைப் பார்த்தார், ஒரு பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லி உள்ளே இருந்த, சூட்டில் நிறம் மாறும் சீட்டையும் பார்த்தார். பிறகு ரோபோ குனிகிற இடத்துக்கும் ரேக்குக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கையால் ஜாண் போட்டு அளந்தார். எழுதினார். எழுதியதைப் பெரிய டாக்டர் பின்னாலிருந்து எட்டிப் படித்தது பிறகு கீழ்த்தளம் முழுக்கப் பரவியது: இயந்திரம் தும்மும்போது தட்டுகளுக்கு முதுகைக் காட்டுகிறது, குறை ஏதுமில்லை, இருந்தாலும் அடுத்த சோதனைக்குள் தும்மலை நிறுத்தவும்.

வாசல்வரை போன அந்த அம்மாள் திரும்பிவந்து சிணுங்கியாரிடம் கேட்டார். "நான் பேனாவை எடுக்கலைன்னா நிஜத்தைச் சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன் மேடம். நூறு டிகிரின்னதும்தான் பொறுக்கல" என்றார் அவர். அப்போதுதான் அந்த அம்மாள் சிரித்தார்.

அவர் மனைவி சொன்னது பாதிதான் பலித்தது. ஒரு நாள் இல்லை, ஒரு மாதம் சிரித்தார்கள். ஆனால் எதிர்பாராத விதமாக அவருக்கு அது வலிக்கவில்லை. மேலே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து தட்டு கேட்டுப் போன் செய்கிறவர்கள், மாப்பிள்ளைக்கு உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் வைத்தார்கள். அவரும் பதில் சொன்னார். பழகிவிட்டது.

தும்மலை அழிக்கிற நாள் வந்தது. மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். தன் மூக்கின்மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டதால், இந்த முறை மடிப்பக்காவே பிடிக்கட்டும் என்று அவரே சொன்னார். சுத்த அறைக்குள் இன்னொருத்தரை வா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் நம்பாமல் இரண்டு முறை கேட்டுவிட்டு, தொப்பியும் அங்கியும் மாட்டிக்கொண்டு வந்தாள். ரோபோவின் மணிக்கட்டைப் பிடித்து, தும்மாமல், இருமாமல், மூச்சுக்கூட அளந்து விட்டு, காலையிலிருந்து மாலைவரை நடத்திக் காட்டினாள். எல்லாம் முடிந்து எல்லோரும் கை தட்டிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. மடிப்பக்கா இடதுகைக்காரி.

வண்டியையும் ஒரு காலி ரேக்கையும் தன் கைவாக்குக்கு இழுத்து வைத்து அவள் நடத்தியதில், மாப்பிள்ளைக்கு எல்லாமே இடது பக்கம். மற்ற ரேக்குகளையும் இடம் மாற்றினார்கள். வண்டி நிற்கும் கோட்டை அழித்து இந்தப் பக்கம் போட்டார்கள். சிணுங்கியார் உட்காரும் முக்காலிகூடச் சுவரின் மறுமூலைக்குப் போனது. மறுபடி கற்றுக்கொடுத்தால் என்ன என்று இன்ஜினியர் பெண்ணை யாரும் கேட்கத் துணியவில்லை, அவள் ஊரில் இல்லாத மாதிரியே போனை எடுக்காமல் இருந்தாள். சிணுங்கியார் முதலில் முணுமுணுத்தார். பிறகு முட்டிக்கொண்டார். இல்லாத இடத்தில் ரேக்கைத் தேடி இரண்டு வாரம் கனமில்லாத பொட்டலங்களைக் காற்றில் வைக்கப் போனார். அதற்கப்புறம் அவர் கையும் வழிக்கு வந்தது. இடுப்பு வலி குறைந்தது. தட்டுகளும் வேகமாகப் போயின.

வீட்டில்தான் சங்கடம். இடது பக்கம் பழகிய கையால் சமையலறை அலமாரியின் கதவை அவர் இப்போது தப்பான பக்கத்தைப் பிடித்து இழுத்தார். கீல் இருக்கும் பக்கம். அது திறக்காமல் முரண்டு பிடிக்க, இன்னும் பலமாக இழுத்தார். ஒரு நாள் அலமாரியே ஆடி, மேலே இருந்த டப்பா உருண்டு விழுந்தது. அவர் விழுந்த டப்பாவைத் தொடாமல், அதையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி வந்து டப்பாவை எடுத்து வைத்தாள். மறுநாள் கடைக்குப் போகும் முன் தச்சரை வரச்சொல்லி, கீலை இந்தப் பக்கத்திலிருந்து கழற்றி அந்தப் பக்கம் மாட்டவைத்தாள்.